இறந்த அரசியின் உதிர்முடிக் கலம்

கலம் திறந்தபோது உடனிருந்தோர்: பேரமைச்சன் அரையன் கண்டனாகிய நாம், அரண்மனை மருத்துவர் அரவணையார், உதிர்முடிக் காவலன் விடங்கன், எழுகல் கோட்டைக்கும் அரண்மனைக்கும் நீர் சுமக்கும் நாகச்சி. வேறு எவரும் இல்லை. இனி எவரும் அறியவும் வேண்டா.

மழை பிழையாத கருமலை நாட்டின் மேலை எல்லையைத் தாங்கி நிற்கும் எழுகல் கோட்டைத் தலைவர் நக்கன் பரமனார்க்கு நலம் பெருகுக. உம் மதில் வாழ்க. உம் வாள் துரு அறியாதிருக்க. இவ்வோலை நம் கையாலேயே எழுதியது. படித்தபின் தீயிலிடுக.

அரச குடியினரின் உதிர்ந்த முடி பகைவர் கையில் சிக்கினால் ஏவல் சூனியம் வைப்பார்கள் என்று அஞ்சி, ஆளுக்கொரு மண்கலம் வைத்து, சீப்பில் சிக்கியதையும் தலையணையில் கிடந்ததையும் அதில் சேர்ப்பது நம் வழக்கம். ஒருவர் இறந்தால் ஓராண்டு நிறைவில் அவர் கலத்தை ஆற்றில் விடுவோம். மூத்த அரசி உலகுடைத் தேவியார் சென்ற சித்திரையில் அம்மை கண்டு இறந்தார் என்று ஊர் அறியும். இறக்கவில்லை என்பதை நீரும் நாமும் அறிவோம். அரச இலச்சினையை ஒளித்த இடத்தை அவர் சொல்லும்வரை உம் நிலவறையில் வைத்திருக்கச் சொன்னோம். அவர் இன்னும் சொல்லவில்லை.

ஆண்டு நிறைவை முன்னிட்டு நேற்று முற்பகல் கலவறைக்குச் சென்றோம். சடங்குக்கு நீர் கொண்டுவந்தவள் நாகச்சி. விடங்கன் அரசியின் கலத்தைத் தூக்கினான். ஒரு கைப்பிடிப் பஞ்சு அளவே கனக்கும் என்று எண்ணியிருந்தானாம், கனத்தது. வாயைக் கட்டிய சிவப்புத் துணியை அவிழ்த்ததும், உள்ளே அமுங்கியிருந்த முடி மூச்சு வாங்குவதுபோல் மெல்ல எழும்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அரவணையார் இரண்டடி பின்வாங்கி, பேய் வந்து தலை வாரிப்போகிறது என்றார். பேய்க்கு நரைக்குமா ஐயா என்று விடங்கன் கேட்டான்.

அவன் இருபத்தைந்து வயதிலேயே முழு வழுக்கையானவன். அவன் தந்தையும் தாய்மாமனும் அப்படியே. உன் தலையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து எமக்கு முடியின் இயல்பைச் சொல் என்று மருத்துவர் எள்ளினார். நீர் ஆட்டும் எண்ணெயால் முடி முளைக்குமானால் உம் செக்கு முதலில் சடை போட்டிருக்கும் என்றான் அவன். பிறகு முடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நகைப்பு நின்றது.

இருபது ஆண்டு கலங்களைக் காத்தவன் அவன். ஆண்களுக்கு நெற்றியிலும் உச்சியிலும் குடிவழியாக முடி போகும், பெண்களுக்கு வகிடு அகலும், இவை மெல்ல வருபவை என்றான். கொத்தாக உதிர்வது வேறு. காய்ச்சலோ மகப்பேறோ பட்டினியோ பெருந்துயரோ வந்தால் முடி அன்றே விழுவதில்லை, வளர்ச்சி நின்று மூன்று மாதம் தலையிலேயே உறங்கிவிட்டுப் பிறகுதான் விழும். அதனால் இன்று விழுவதைக் கண்டு இன்றைய குற்றத்தைத் தேடுபவன் மடையன் என்றான்.

அரசி நரை மறைய அவுரிச் சாயம் பூசுபவர். கலத்தில் கீழே கிடந்த முடி வேர்வரை கருப்பு. மேலே வரவர வேர்ப்பக்கம் வெண்மை. முதலில் அரை விரற்கடை, பிறகு இரண்டு, வளர்ச்சியைக் கணக்கிட்டு மாசியில் உதிர்ந்தது என்று அவன் கண்ட மேல்கொத்தில் நான்கு. செத்த தலையில் முடி வளராது என்றான் விடங்கன். அரசி உயிரோடு இருக்கிறார். சாயம் கிடைக்காத இடத்தில் இருக்கிறார். மாசியில் கொத்துக் கொத்தாக உதிர்ந்திருப்பதால் கார்த்திகையில் எவனோ அவர் சோற்றைக் குறைத்திருக்கிறான் என்றும் சொன்னான்.

அது மெய். கார்த்திகையில் அரிசியைப் பாதியாக்கச் சொன்னது நாமே.

நாகச்சி நம் காலில் விழுந்து அழுதாள். நிலவறைக் கதவின் கீழே சோறு தள்ளும் சந்து வழியாக ஒரு கை ஒவ்வோர் அமாவாசையும் முடிச்சுருளை வெளியே தள்ளுமாம். பேச்சு எதுவும் இல்லையாம். அவுரி மணத்தால் அரசியின் முடி என்று அறிந்தாளாம். வெளியே எறிந்தால் தன் ஏழு தலைமுறைக்கும் ஆகாது என்று அஞ்சி, எவரிடமும் சொல்லாமல், கலவறைக்கு நீர் கொண்டுவரும்போது அவர் கலத்தில் சேர்த்தாளாம். பதினோரு மாதம் ஊமையாய் இருக்க நாம் கற்பித்தவளை ஒரு மண்பானை பேசவைத்தது.

விடங்கன் மகிழ்ந்தான். இன்றே ஆளனுப்புக, அவர் இன்னும் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று நம் பக்கம் கைகூப்பித் திரும்பினான். அப்போது அவன் கண் நம் தோள்துண்டில் தங்கியது. அதில் முடி கிடந்தது, கொத்தாக. மாசி முதல் நமக்கும் உதிர்கிறது. அவன் பழக்கத்தால் கேட்டுவிட்டான்: கார்த்திகையில் தங்களுக்கு என்ன நேர்ந்தது, காய்ச்சலா, பட்டினியா?

காய்ச்சலும் இல்லை, பட்டினியும் இல்லை. எஞ்சிய பெருந்துயர் எதனால் வந்தது என்பதை அவன் விரல் மடக்காமலே கண்டுகொண்டதை அவன் முகத்தில் கண்டோம். கூப்பிய கை மெல்ல இறங்கியது. துணியை எடுத்துக் கலத்தின் வாயைக் கட்டத் தொடங்கினான், முடிச்சு விழவில்லை.

ஆதலால் நம் ஆணை வருமாறு. மூத்த அரசியின் தலையை இன்றே மழித்து, முளைக்க முளைக்க மழித்துக்கொண்டே இருக்க. நாகச்சி இனி அங்கு வாராள்; மருத்துவர் வாய் திறவார். இவ்வோலையோடு இரு காவலர் நடுவே வருபவன் விடங்கன். கலங்களை இனி எவன் காப்பான் என்று மட்டுமே கேட்டான். அரசியின் அறைக்கு அடுத்த அறை அவனுக்கு. தாடியையும் மழித்துவிடுக. அரச குடியில் பிறவாதவனுக்குக் கலம் இல்லை; அவன் தலையில் உதிர்வதற்கு ஒன்றுமில்லை. அவன் இருக்கிறான் என்று காட்ட அந்தச் சந்து வழியே இனி எதுவும் வெளியே வராது.

அரச இலச்சினை இன்னும் அகப்படாமையால் நம் மோதிரத்தையே அரக்கில் பதித்தோம். குறை கருதாது நிறைவேற்றுக. எழுதும்போதே ஓலைமேல் இரண்டு முடி விழுந்தன. ஊதிவிட்டோம்.

விடங்கன் உள்ளே போனதும் கதவைச் சாத்துக. பூட்டுக.