ஜே பகுதியின் சொற்கள்

இன்று காலை பாலை டம்ளரில் ஊற்றும்போது கை நடுங்கி சமையல் மேடையெல்லாம் சிந்தியது. "ஜிர்பிள்" என்றேன். நடுங்கும் கையால் சிந்தச் சிந்த ஊற்றுவது என்று பொருள். அதைக் கேட்க இந்தக் கோச்சடை வீட்டில் இப்போது யாருமில்லை. துணியெடுத்துத் துடைத்தேன்.

திருமணத்துக்கு முன் காளவாசல் அலுவலகத்தில் நீயும் நானும் ஓர் ஆங்கில அகராதிக்குப் பிழை திருத்தினோம். அதிகப் பக்கங்கள் உள்ள எழுத்துகளை மூத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய ஜே நமக்கு வந்தது. மெலிந்த பகுதி.

"யாரும் சீண்டாத எழுத்து. நமக்குத் தோதா இருக்கும்" என்றாய்.

வழக்கொழிந்த சொற்களாகப் பார்த்துப் பொறுக்கினாய். காலை உணவைச் சார்ந்தது, ஜென்டாகுலர். திருமணத்துக்குப் பின் நம் இட்லி நேரத்துக்கு அதுதான் பெயர். தட்டைக் கல்லை நீரின் மேல் தத்திப் போகும்படி எறிவது, ஜிலிக். மணலாய்க் கிடந்த வைகையைப் பார்த்து, "தண்ணி வரட்டும், பாத்துக்கலாம்" என்றாய். இந்த வருடம் வந்தது. பேருந்தில் பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன்.

மண்டுவுக்கு ஜாபர்நவுல். குறுக்கே வந்து நின்ற ஷேர் ஆட்டோக்காரரிடம் ஒருமுறை நிதானமாகச் சொன்னாய்.

"என்னண்ணே, வைறீகளா?"

"சேச்சே, பாராட்டுறேண்ணே."

"அப்ப ஏறுங்க ரெண்டு பேரும்."

ஏறினோம். இறங்கும்வரை சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேறு சமூகத்தில் கட்டிக்கொண்டதால் எழுமலையிலிருந்து என் வீட்டார் யாரும் வருவதில்லை. உன் அம்மா வருவார். நீங்கள் இருவரும் உங்கள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்வீர்கள். எனக்கும் சொல்லிக்கொடு என்றேன்.

"அம்புட்டும் வேணாம். எங்கம்மா ஒன்னைய வையிறதெல்லாம் புரிஞ்சு போயிரும்."

சிரித்தேன். ஜே போதும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு உன் மூளையில் கட்டி. கடைசியாகக் கற்றது முதலில் போகலாம் என்றார் மருத்துவர். அன்று மாலை வேண்டுமென்றே காபியைச் சிந்தி உன் முகத்தைப் பார்த்தேன். "தொடச்சிரு" என்றாய். அவ்வளவுதான். நம் சொற்கள் போயிருந்தன. மழைக்காலத்துக்குள் ஆங்கிலம் முழுவதும் போனது. அப்புறம் தமிழ். என் பெயரை நீ கூப்பிட்ட கடைசி நாள் எதுவென்று எனக்குத் தெரியாது. அன்று அது கடைசி என்று தெரியவில்லை.

உன் அம்மாவின் மொழி மட்டும் மிஞ்சியது. நீங்கள் பேசினீர்கள். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

எல்லாம் முடிவதற்கு முந்தின நாள் என்னை நேராகப் பார்த்து ஏதோ சொன்னாய். சின்னதாக.

"என்ன சொல்றாரு அத்தை?"

அத்தை உன் போர்வையை இழுத்துவிட்டார். "தண்ணி கேக்குறான்மா."

கொண்டுவந்தேன். நீ உதட்டை இறுக்கிக்கொண்டாய். டம்ளரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்து அதையே மறுபடி சொன்னாய். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் தங்கை அவ்வப்போது வருகிறாள். நீ சொன்னதன் பொருளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். ஒருவேளை என்னைக் கூப்பிட்டிருப்பாய். ஒருவேளை, யார் இவள் என்று கேட்டிருப்பாய். அவளுக்குத் தேநீர் கொடுக்கிறேன். வேறு எதையோ பேசுகிறோம்.

நீ சொன்னதன் ஒலி மட்டும் என்னிடம் இருக்கிறது. பேருந்தில் உதடு அசையாமல் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரத்திலிருந்து அதன் கடைசி அசையில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.