டிரம் கொசு, டயர் கொசு

12.11.2001, திங்கள்
வேலைக்குப் போனேன். கொசுக் கூண்டுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். தங்கச்சி மகள் பவதாரிணி போய் ஒரு மாதம். ஏழு வயது. டெங்கு. கொசு ஆராய்ச்சியில் சம்பளம் வாங்கும் தாய்மாமன் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதைத் தவிர என்ன செய்தேன்?

14.11.2001
தீபாவளி. என் வீட்டிலும் இல்லை, தங்கச்சி வீட்டிலும் இல்லை.

18.11.2001, ஞாயிறு
பசுமலைக்குப் போனேன். தங்கச்சி பாண்டியம்மாள் பாதியாகிவிட்டாள். அவள் மாமியார் என் முன்னாலேயே சொல்கிறார்: "தண்ணி டிரம்மை மூடி வையின்னு எத்தன தடவ சொன்னேன். கேட்டாளா?" மாப்பிள்ளை சுருளி தலை நிமிரவில்லை. பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசினால் என்னவாம்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கிளம்பும்போது தங்கச்சி தெருமுனை வரை வந்தாள். "அண்ணே, எங்க வீட்டுக் கொசுதானான்னு பாத்துச் சொல்லிரு. ஆமான்னாலும் சொல்லிரு."

டிரம்மைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்தாலும் சாகாது. உள்பக்கம் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து வந்தேன்.

22.11.2001
எல்லா ஏடிஸும் ஒன்றல்ல. ஒரு பேட்டைக் கொசு வைரஸைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். இன்னொரு பேட்டைக் கொசு வயிற்றோடு நிறுத்திவிடும். எச்சில் வரை ஏறினால்தான் கடிக்கும்போது பரவும். இடம் இடமாக முட்டை எடுத்து வளர்த்து இதை ஒப்பிடுவதுதான் எங்கள் வேலை. பசுமலையையும் சேர்க்கலாமா என்று மேலதிகாரி வெங்கடசுப்பிரமணியன் சாரிடம் கேட்டேன். "சேருங்க. ஒப்பிட இன்னொரு இடமும் வேணும்" என்றார்.

பழைய டயரில் முட்டைக்குப் பஞ்சமில்லை. அவனியாபுரத்தில் சுருளியின் டயர் கடைக்கே போனேன். எந்தெந்த ஊர் லாரி டயரோ, குவிந்து கிடக்கிறது. அவரே ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார்.

29.12.2001
பாண்டியம்மாள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். டிரம் கொசுவைக் காட்டு என்றாள். காட்டினேன்.

"அவ ரத்தம் இதுக உடம்புல இருக்குமாண்ணே?"

இல்லம்மா, இதெல்லாம் அதுகளோட பிள்ளைங்க என்றேன். கூண்டு வலையில் கையை வைத்துக்கொண்டே நின்றாள். நான்தான் கையைப் பிடித்து விலக்கினேன். பஸ் ஏற்றிவிட்டு வந்து கூண்டு அறையில் அழுதேன்.

24.01.2002
முடிவு வந்துவிட்டது. இரண்டு கூட்டத்துக்கும் வைரஸ் கலந்த ரத்தம் கொடுத்து, இரண்டு வாரம் விட்டுச் சோதித்தோம். டிரம் கொசுவில் நூற்றுக்கு ஒன்பதில்தான் எச்சில் வரை ஏறியிருந்தது. டயர் கொசுவில் பாதிக்கு மேல்.

"இத வச்சு எந்தக் கொசு கடிச்சதுன்னு சொல்ல முடியாது" என்றார் சார். தெரியும். ஆனாலும் — என் தங்கச்சி தப்பித்தாள். எனக்கு வேறென்ன வேணும்?

27.01.2002, ஞாயிறு
மாமியார் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். டிரம் கொசு சோப்ளாங்கி, அவனியாபுரத்து டயர் கொசுதான் வைரஸைச் சுமந்து திரிகிறது என்று. அந்தம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

சுருளிதான் மெல்லக் கேட்டார். "நம்ம கடை டயரா மச்சான்?"

ஆமாம் என்றேன். யோசித்தேனா?

"காலாண்டு லீவு பூரா நான்தானே பாப்பாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். டயருக்குள்ள உக்காந்துதான வெளாண்டுச்சு."

எந்தக் கொசுன்னு யாராலயும் சொல்ல முடியாது மாப்ள, சொல்ல முடியாது மாப்ள என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் காதில் ஏறவில்லை. இந்த வாயைத் தைத்தால் என்ன.

08.02.2002
சுருளி கடை திறப்பதில்லையாம். சோறும் இறங்கவில்லையாம்.

17.02.2002, ஞாயிறு
போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எலும்பும் தோலும்தான். பாண்டியம்மாள் என்னைப் பார்த்ததும் சோற்றுத் தட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணன் மறுபடியும் பாத்துருச்சுங்க. மொதல்ல சொன்னது தப்பாம். நம்ம டிரம்முக் கொசுதானாம். நான்தான் மூடாம வச்சேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லுண்ணே."

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சுருளி மெல்லத் திரும்பினார்.

"ஆமா மாப்ள" என்றேன்.

சுருளி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"நீ என்ன, வேணும்னேவா மூடாம வச்ச?" என்றார் அவளிடம். தட்டை வாங்கிக்கொண்டார்.