கல்லுக்குப் பின்னால் மரம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

நானும் இவரும் கர்க்லாண்டில் வாங்கிய பழைய ஆங்கிலேயப் பண்ணை வீட்டை இன்று பொறியியலாளர் வந்து பார்த்தார். உள்பூச்சை உடைத்ததும் அவருடைய முகம் மாறியது.

அது கல் வீடே இல்லையாம். முதலில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் வெளியே கல் பதித்து மூடியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கி, அடிமரம் முழுவதும் உக்கிவிட்டது. அதில் குடியிருக்க முடியாது. பழைய வீடு என்பதால் நகரசபை இடிக்கவும் விடாது.

இவர் அடிமரத்தை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"அந்த வீட்டை விட்டிடுவமே?" என்று காரில் கேட்டேன்.

"ஓம்" என்றார்.

இப்போது இருக்கும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிந்ததும், சமையலறையில் நின்றபடி, "அந்த வீட்டுக் குசினிக்கு என்ன நிறம் அடிப்பம்?" என்று கேட்டார்.

வெள்ளை என்றேன்.