குந்தியதைக் குனிந்ததாக எழுதிய டாக்டர் மீது புகார்

அனுப்புநர்:
டைல்ஸ் பதிக்கும் தொழிலாளியின் மனைவி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து, மாடி வீடு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: டிஸ்க் பிதுங்கிய என் கணவருக்குச் சரியான அறுவை சிகிச்சையை உடனே செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்தது. தங்கள் டாக்டர் அவரைக் குனிந்து தரையைத் தொடச் சொன்னார். தரை என்றாலே குந்துவதுதான் இவருக்குப் பழக்கம். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கித் தொட்டுவிட்டார். டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கியபோது விரல் தரையில் இருந்தது. நன்றாகக் குனிகிறார், ஆபரேஷன் தேவையில்லை என்று எழுதி, உடற்பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

2. பயிற்சிக்கு நடையாய் நடந்தோம். இடது பாதம் தொங்கிப்போனது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடப்பார். மறுபடி வந்தபோது அதே டாக்டர், கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார். ஸ்கேன் எடுத்த இடத்து டாக்டரோ, எலும்பு உறுதியாக இருக்கிறது, சின்னதாகத் திறந்து பிதுங்கியதை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, கேட்டுப் பாருங்கள் என்றிருந்தார். கேட்டேன். கம்பி வைத்தால் முன்போல வேலை செய்ய முடியுமா என்றும் கேட்டேன். கிடைத்த பதில்: "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

நான் டாக்டர் இல்லை ஐயா. அதனால்தான் கேட்டேன். என் கணவர்கூட நாலு டைல்ஸைக் காட்டி, எது வழுக்கும், எது கறை பிடிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் ஒன்றைப் பதிப்பார். மனிதன் முதுகுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?

3. இன்று காலையிலிருந்து அவருக்குச் சிறுநீர் பிரியவில்லை. தொடை இடுக்கில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்கிறார். இப்படி ஆனால் அன்றே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஸ்கேன் எடுத்த இடத்து டாக்டர் எச்சரித்திருந்தார். அவசரப் பிரிவில் இருந்தவர் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "நல்லா குனியறாருன்னு போட்டிருக்கே, செவ்வாக்கிழமை வாங்க" என்கிறார். நின்றபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஆகவே, வேறொரு டாக்டரை இப்போதே அனுப்பி, என் கணவரைத் தொட்டுப் பரிசோதிக்கச் செய்து, என்னென்ன வழி உண்டு, எதில் என்ன ஆபத்து என்று எங்களுக்குப் புரியும்படி சொல்லி, இன்றே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். பணிவுடன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நாள்: சனிக்கிழமை, முற்பகல்
இடம்: அவசரப் பிரிவு வாசல்

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்

குறிப்பு: பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு இங்கேயே நிற்கிறேன்.