மூன்று அங்குல உள்மடிப்பு

31 ஒக்டோபர் 2006, செவ்வாய்
மொன்ட்ரியால்

இந்த வருடமும் துளசியின் ஹலோவீன் உடுப்பை நானே தைத்தேன். வௌவால். செட்டைக்குப் பழைய குடைக்கம்பி. பின்னேரம் போட்டுப் பார்த்தவள் கவுனின் கீழ்க்கரையைத் திருப்பினாள்.

"ஏனம்மா இவ்வளவு மடிச்சுத் தைச்சிருக்கிறீங்கள்?"

"நீ வளருவாய். வாற வருசம் அவிட்டு நீட்டலாம்."

பள்ளிக்கூடச் சட்டையென்றாலும் எங்கள் வீட்டில் துணியை ஒட்ட வெட்டியதில்லை.

"வாற வருசமோ? நான் செகண்டரிக்குப் போயிடுவன். அங்க ஒருத்தரும் அம்மா தைச்சதைப் போட்டுக்கொண்டு இனிப்புக் கேட்டுத் திரியமாட்டினம். வேணுமெண்டால் நீங்கள் போடுங்கோ, வௌவாலம்மா."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சிநேகிதிகளோடு பிரெஞ்சில் கதைத்தபடி படியிறங்கிப் போனாள்.

இந்தப் பேய்க்கூத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடையில் வாங்குவது வீண்செலவு, அதனால் தைக்கிறேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். அது முழு உண்மையில்லை. வருடத்தில் உடுப்புத் தைக்கும் இந்த இரண்டு கிழமைதான் அவள் தொலைபேசியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நிற்பாள். நான் அளவெடுக்க, கையைத் தூக்கியபடி எல்லாம் சொல்வாள். யாரோடு கோபம், எந்த டீச்சருக்குத் தன்னைப் பிடிக்காது, இரவில் எதற்குப் பயம். அசைய முடியாததால் சொன்னாளோ என்னவோ. என் வாயில் குண்டூசிகள் இருக்கும், புத்தி சொல்ல முடியாது. அதனாலும் இருக்கலாம்.

எட்டு மணிக்குத் திரும்பி வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாயிருந்தது" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

அடுத்த ஒக்டோபரில் என்ன சொல்லி அவளைக் கூப்பிட்டு நிற்கவைப்பது?