மானுக்கு ஒரு கேரட்

ஞாயிறு, இரவு.

காரிலேயே சுற்றிப் பார்க்கும் மிருகப் பூங்காவுக்குப் போனோம். கண்ணாடியை இறக்கியதும் ஒரு மான் தலையை உள்ளே நீட்டியது. மகன் முகிலன் கேரட்டுக்குக் கை நீட்டினான். கேரட்டை வைத்திருந்த என் கணவரோட அக்கா கொடுக்கவில்லை.

"மான்னு சொல்லு, தரேன்."

இரண்டரை வயதாகியும் அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அது அண்ணிக்கும் தெரியும். நான் கேரட்டைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தேன்.

"இப்படிச் செல்லம் கொடுத்தா எப்படிப் பேசுவான்?"

"பேசும்போது பேசுவான் அண்ணி. மான் இப்ப வந்திருக்கு."

மான் தின்னத் தின்ன அவன் சிரித்தான். இப்போது கிள்ளானில் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

"அக்காகிட்ட ஒரு சாரி சொல்லிடு லா," என்கிறார் இவர்.

அவன் பேசாமலே இருந்துவிடுவானோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அதற்காக என் பிள்ளையைக் கெஞ்சவிட முடியாது. சாரி சொல்ல மாட்டேன்.