சுவர் கழுவும் படை

ஆகஸ்ட் 14, 1973, செவ்வாய்

இன்றும் மணல் சுவர் கட்டினோம். இன்றும் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தோம். நாளை மறுபடி கட்ட வேண்டும். மகன் ராணுவப் பொறியாளர் படையில் இருக்கிறான் என்று அப்பா எங்கள் ஊர் டாண்டாவில் அவருடைய இனிப்புக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்லவேளை, அவர் இங்கே வந்து பார்க்கவில்லை.

வாய்க்கால் கரையில் எருமை மேய்ப்பவர் இன்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "ஏம்ப்பா, கட்டுறதும் நீங்க, கரைக்கிறதும் நீங்க. இதுக்குச் சோறு போடுறது யாரு?"

"அரசாங்கம்," என்றார் எங்கள் சார்ஜென்ட் அப்துல் மவ்ஜூத்.

"அப்ப சரி," என்று எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

எதற்காக இந்தக் கூத்து என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சூயஸ் கால்வாயின் அந்தக் கரையை ஆறு வருஷத்துக்கு முன் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட எதிரி அங்கே எழுப்பியிருக்கும் மணல் மலையைப் பார்க்காதவன் எங்களில் யாரும் இல்லை. வெடி வைத்தால் மணல் எழும்பி அதே இடத்தில் விழுகிறது. தண்ணீருக்குத்தான் அது பணிகிறது. சுவரில் வழி பிறந்தால்தான் டாங்கிகள் பாலைவனத்துக்குள் போக முடியும்.

செப்டம்பர் 3, திங்கள்

டாங்கிப் படையிலிருந்து கேப்டன் ஷாஹீன் பார்வையிட வந்தார். இஸ்திரி போட்ட உடுப்பு, கறுப்புக் கண்ணாடி. பம்ப்பை ஓட்டிக் காட்டச் சொன்னார். குழாய்முனையை நானும் என் கூட்டாளி கிர்கிஸும் பிடித்திருந்தோம். கிர்கிஸுக்குத் தும்மல் வந்தது. தும்மும்போது மனிதன் கையை விடுவானா? இவன் விட்டான். நான் தனியாகக் குழாயோடு மல்லுக்கட்டி மூன்று முறை உருண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது கேப்டன் கண்ணாடியில்லாமல் நின்றார். தொப்பியும் இல்லை.

"சண்டைல நீங்க எதிரிய என்ன பண்ணப் போறீங்க? குளிப்பாட்டி விடப் போறீங்களா?"

"உத்தரவு வந்தா அதையும் செய்வோம், சார்," என்றார் சார்ஜென்ட்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாரம் கழிவறைப் பணி.

செப்டம்பர் 27, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. பம்ப் அடிக்கும்போது வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. நோன்பு முறிந்ததா இல்லையா?

"வேணும்னு குடிச்சியா?" என்று சார்ஜென்ட் கேட்டார்.

"இல்லண்ணே."

"பிடிச்சிருந்துச்சா?"

யோசித்தேன். வெயிலில் அது ரொம்பவே பிடித்திருந்தது. குழாயைச் சுருட்டப் போய்விட்டேன்.

கிர்கிஸ் கிறிஸ்தவன், அவனுக்கு இந்த நோன்பு கிடையாது. ஆனாலும் எங்கள் எதிரே சாப்பிடக் கூச்சப்பட்டு லாரிக்கு அடியில் படுத்துச் சாப்பிடுகிறான். இன்று டிரைவர் தெரியாமல் லாரியை எடுத்துவிட்டார். கையில் ரொட்டியோடு அவன் மட்டும் நட்ட நடுத்திடலில் படுத்திருந்தான்.

அக்டோபர் 5, வெள்ளி

கால்வாயோரம் வந்துவிட்டோம். அந்தச் சுவருக்கு முன்னால் நாங்கள் கட்டியதெல்லாம் குட்டிச்சுவர். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 7, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. உயிரோடு இருக்கிறேன்.

நேற்று பிற்பகல் தலைக்கு மேல் விமானங்கள், இரண்டு கரையிலும் குண்டு. நாங்கள் படகில் பம்ப்போடு கடந்தோம். குழாய்முனையைச் சுவரை நோக்கித் திருப்பினேன். தண்ணீர் பட்டதும் சுவர் இறங்க ஆரம்பித்தது. பக்கத்துப் படகு அடிபட்டுக் கவிழ்ந்தது. அதில் இருந்தவர்களைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

விடியும்போது வழி திறந்துவிட்டது. நாங்கள் கட்டிப்பிடித்துக் கூத்தாடினோம். அப்புறம் கீழே பார்த்தோம். எங்கள் பகுதியில் மணலோடு களிமண்ணும் கலந்திருக்கிறது. வழி முழுக்க இடுப்பளவு சேறு. கடையில் பதம் தவறிப் போன பாகு இப்படித்தான் இருக்கும்.

இரவோடு இரவாகப் போட்ட மிதவைப் பாலத்தில் முதல் டாங்கி வந்தது. தலையை நீட்டியது யார்? கேப்டன் ஷாஹீன்.

"வழி கேட்டா குளம் வெட்டி வச்சிருக்கீங்க."

சொல்லிக்கொண்டே இறக்கினார். டாங்கி வயிறுவரை புதைந்து நின்றது. பின்னால் பாலம் நெடுக டாங்கிகள். விமானம் வந்தால் அத்தனையும் போய்விடும்.

சார்ஜென்ட் மேலே கையைக் காட்டினார். எதிரி விட்டுப் போன காவல் அரண். "உள்ள இருக்கிற அத்தனையும் தூக்கிட்டு வாங்கடா. சேத்துல போடு."

தகரம், தண்டவாளம், இரும்புக் கட்டில், கதவு, மெத்தை. ஒரு கல்யாணச் சீரே இறங்கியது. கிர்கிஸ் ஒரு மேஜைப்பந்து மேஜையோடு வந்தான். புத்தம் புதுசு. "அண்ணே, ஒரே ஒரு ஆட்டம்," என்றான். சார்ஜென்ட் பார்த்த பார்வையில் தானே போட்டுவிட்டான். கேப்டனும் இறங்கிவந்து எங்களோடு கல் சுமந்தார். இஸ்திரி மடிப்பையெல்லாம் சேறு தின்றுவிட்டது.

ஒரு குண்டு அருகில் விழுந்தது. சார்ஜென்ட் குப்புற விழுந்தார். நான் ஓடிப்போய்த் திருப்பப் போனேன்.

"திருப்பாதடா. பின்னாடிதான் பட்டிருக்கு."

உட்காருகிற இடத்தில் ஒரு இரும்புச் சில்லு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் குப்புறப் படுத்தபடியே, "இடது பக்கம் கல்லு பத்தாது," என்று உத்தரவு போட்டார். தூக்கிப் போகக் கதவு தேடினோம். எல்லாக் கதவும் சேற்றில். போர்வையில் போட்டுத் தூக்கினோம்.

டாங்கி உறுமியது, கட்டில்கள் முறிந்தன, மேஜைப்பந்து மேஜை துப்பாக்கி வெடித்ததுபோல் உடைந்தது. பிறகு அது மெல்ல ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் போயே போய்விட்டது. போகும்போது கேப்டன் கத்தினார்: "சண்டை முடிஞ்சு எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்கடா. அம்மா வாத்து சமைப்பாங்க."

எந்த ஊர் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 8, திங்கள்

எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்கு டாங்கிகள். சார்ஜென்ட் நலம். ஆஸ்பத்திரியில் உட்காராமல் சாப்பிடுகிறாராம்.

அக்டோபர் 9, செவ்வாய்

மாலையில் அவரைக்கொட்டைக் குழம்பு அண்டாவோடு ஒரு சமையல் லாரி பாலம் தாண்டி வந்து, என்னருகே நின்றது. சமையல்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். "தம்பி, நம்ம பசங்க எங்க?"

"இப்படியே நேரா போங்கண்ணே. ரொம்ப உள்ள போயிட்டாங்க."

"எவ்வளவு உள்ள? நோன்பு திறக்கிறதுக்குள்ள போயிடலாமா?"

"கஷ்டம்தான்."

"ஆறிப் போயிடுமே," என்று திட்டிக்கொண்டே கிழக்கே ஓட்டினார்.

ஆறு வருஷமாக எட்டி நின்று தொலைநோக்கியில் மட்டும் பார்த்த மண். அதில் நின்று நான் இன்று ஒருவருக்கு வழி சொன்னேன்.